சமையல் தளத்தில் ஸ்கீமா மார்க்அப்: பல வருஷம் ஓட்டிய பிறகு

ஸ்கீமா மார்க்அப் என்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கோடு. அதைப் போட்டால் கூகுளில் மேலே ஏறிவிடலாம் என்று தொடங்குபவர்களுக்கு ஒரே மாதத்தில் வெறுத்துவிடும். ரேங்கிங்கை அது தூக்காது. இது வத்தக்குழம்புக் குறிப்பு, படம் இது, ஆகும் நேரம் இவ்வளவு என்று தேடுபொறிக்குப் பிரித்துச் சொல்லும், அவ்வளவுதான். தேடல் முடிவில் படமும் நட்சத்திரமும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு; இதைத்தான் ரிச் ரிசல்ட் என்பார்கள். வந்தே தீரும் என்பதில்லை.

ஸ்கீமாவை எழுதும் வடிவங்களில் மைக்ரோடேட்டா, ஆர்டிஎஃப்ஏ, ஜேசன்-எல்டி மூன்றையும் கூகுள் படிக்கும். நெடுநாள் ஓட்டத்துக்கு ஜேசன்-எல்டிதான் தோது. மைக்ரோடேட்டா எச்டிஎம்எல் டேக்குகளோடு பின்னிக் கிடப்பதால் தளத்தின் தோற்றமான தீமை மாற்றும்போது உதிர்ந்துவிடும். ஜேசன்-எல்டி தனி ஸ்கிரிப்டாக நிற்கும்.

ஸ்கீமாவில் சமையல் குறிப்புக்கான ரெசிபி வகைக்குப் பெயரும் படமும் கட்டாயம். ஆனால் அதிகம் சொதப்புவது நேரத்தில்தான். ‘அரை மணி’ என்று எழுதினால் செல்லாது; ‘பிடி30எம்’ என்று எழுத வேண்டும், கோடில் ஆங்கில எழுத்தில் (PT30M). நடுவிலுள்ள ‘டி’ விட்டுப்போனால் ‘எம்’ நிமிடத்தைக் குறிக்காது, மாதத்தைக் குறிக்கும். குழம்பு 30 மாதம் கொதிக்கும்!

தலைப்பில் இரட்டை மேற்கோள் குறி இருந்து, அதற்கு முன் பின்சாய்கோடு (\) போடாவிட்டால் மொத்த ஸ்கிரிப்டும் செத்துவிடும். வேர்டிலிருந்து கோடை ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறிகளும் அப்படித்தான். தமிழ் எழுத்தை மட்டும் அப்படியே விடலாம், கோப்பு யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தால் போதும். தீம் ஒரு ரெசிபி மார்க்அப், ப்ளகின் என்ற துணைநிரல் ஒரு ரெசிபி மார்க்அப் என்று ஒரே பக்கத்தில் இரண்டு கிளம்பினால் ஒன்றை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ரேட்டிங்கை மார்க்அப்பில் மட்டும் திணிப்பது வம்பு: கூகுள், ஆட்களை வைத்துப் பார்த்துத் தண்டிக்கும் மேனுவல் ஆக்‌ஷன் எடுத்தால் ரிச் ரிசல்ட்டே போய்விடும்.

கேள்வி-பதில் (எஃப்ஏகியூ) மார்க்அப்புக்காக மெனக்கெட்டவர்கள் பாவம். 2023 ஆகஸ்டில் அந்த ரிச் ரிசல்ட்டைப் பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களோடு கூகுள் சுருக்கியது. ‘எப்படிச் செய்வது’ (ஹவ்-டு) மார்க்அப்பின் ரிச் ரிசல்ட்டுக்கு அடுத்த மாதமே முழுக்கு; ரெசிபி மார்க்அப் வேறு. போட்டதைக் கழற்ற வேண்டியதில்லை, கிடந்தால் கெடுதல் இல்லை. புதிதாக நேரம் செலவழிக்காதீர்கள்.

கூகுளின் சோதனைக் கருவியான ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் எரர் வந்தால் உடனே திருத்துங்கள். வார்னிங் வந்தால் இருக்கிற விவரத்தை மட்டும் சேருங்கள். இல்லாத வீடியோவுக்கு முகவரி புனைய வேண்டாம். ப்ளகின் அப்டேட் ஆனதும் பழைய குறிப்பு ஒன்று, புதிய குறிப்பு ஒன்று என இரண்டையும் சோதித்துவிடுங்கள். தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலின் மெயிலை நம்பி உட்கார்ந்தால், கூகுள் மறுபடி பக்கத்தை வந்து படித்த (க்ரால் செய்த) பிறகுதான் சேதி வரும்.