ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நாயுடன் பயிற்சி: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பழக்கப்பட்ட நாய்களைக் கொண்டு வகுப்பு நடத்தும் தென்சென்னை மையம் ஒன்றுக்கு, ஒன்பது வயதான எங்கள் மகனைச் சில மாதங்களாக அழைத்துச் செல்கிறோம். கொடுக்கும் பணத்துக்கு நிச்சயம் பயன் இருக்கிறது; ஆனால் அது அந்த மையம் விளம்பரம் செய்யும் பயன் அன்று.

வகுப்பில் ஒரு சிறப்பாசிரியரும், நாயைக் கையாளும் பயிற்றுநர் ஒருவரும், சாதுவான ஒரு லாப்ரடாரும் இருப்பார்கள். தொடக்கத்தில் நாயை அருகில் கொண்டுவராமல் அறையின் மறுகோடியில் படுக்க வைத்துவிட்டு, பிள்ளை தானாக நெருங்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அதன்பின் முடி வாருவது, தண்ணீர் வைப்பது, பந்து உருட்டுவது என்று வேலைகள் தொடங்குகின்றன. நாய் எடுத்து வரும் பந்து பயிற்றுநர் கைக்குத்தான் போகும். அது வேண்டுமென்றால் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்கும்வரை அவரும் கொடுப்பதில்லை, நாமும் இடையில் புகுந்து கேட்கக் கூடாது. ஒருநாள் நாய் பலமாகத் தும்மியபோது, எங்கள் மகன் சிரித்துக்கொண்டே பயிற்றுநரைத் திரும்பிப் பார்த்தான். தான் ரசித்ததை இன்னொருவரும் ரசித்தாரா என்று தேடும் அந்தப் பார்வையை வரவழைக்கத்தான் பேச்சுப் பயிற்சியிலும் விளையாட்டுப் பயிற்சியிலும் இத்தனை காலம் பாடுபட்டோம்.

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் மார்கரீட் ஓஹேர் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்விலும் இதை ஒத்த மாற்றமே பதிவாகியுள்ளது. பொம்மைகளோடு இருந்த நேரத்தைவிடக் கினிப் பன்றிகளோடு (எலி இனத்தைச் சேர்ந்த சிறு செல்லப்பிராணிகள்) இருந்த நேரத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சுற்றியிருந்தவர்களிடம் அதிகம் பேசினார்கள், முகங்களை அதிகம் பார்த்தார்கள், அதிகம் சிரித்தார்கள்.

குறை என்று பார்த்தால், மையத்தின் துண்டறிக்கை முதலிடம் பெறும். "பேச்சு தானாக வரும்" என்பதோடு நில்லாமல், வீட்டில் ஒரு நாய்க்குட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் அது தூண்டுகிறது. அதற்குச் சான்றாக 2012இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வைக் காட்டுகிறது. அந்த ஆய்வில், ஐந்து வயதுக்குப் பிறகு வீட்டுக்குச் செல்லப்பிராணி வந்தவர்களிடம் பகிர்ந்து கொடுப்பதும் பிறரை ஆறுதல்படுத்துவதும் கூடியிருந்தது உண்மைதான். ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் பிராணி வந்தவர்களில் 12 பேர், பிராணி இல்லாதவர்களில் 12 பேர் மட்டுமே; பார்க்கப்பட்ட 36 அம்சங்களில் மாற்றம் தெரிந்தது இரண்டில் மட்டுமே; பிறந்தது முதலே பிராணியோடு வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றமும் காணப்படவில்லை. இவ்வளவையும் மறைத்துவிட்டு ஒரு குடும்பத்தின் தலையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பொறுப்பைக் கட்டுவது நியாயமன்று. பயிற்றுநரிடம் தனியாகக் கேட்டால், அவரே "இப்ப அவசரப்படாதீங்க சார்" என்கிறார்.

காத்திருக்கும் அறையில் பினாயில் வாடை மூக்கைத் துளைக்கிறது. வாடைக்கே மிரளும் பிள்ளைகள் வந்து போகும் இடம் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. மற்றபடி நாயின் தடுப்பூசி அட்டை வாசலிலேயே மாட்டப்பட்டிருக்கிறது; அது சோர்ந்தால் வகுப்பை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

மூச்சிழுப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செல்வது நல்லது. பருவம் முழுவதற்குமான கட்டணத்தை முன்கூட்டியே கேட்பார்கள்; முதல் வகுப்பைப் பார்த்துவிட்டுக் கட்டுகிறோம் என்று சொன்னால் மறுப்பதில்லை.