சேர்வராயன் குகைக் கோயில்: பிள்ளைகளோடு போனால்

ஏற்காடு என்றாலே பிள்ளைகளுக்குப் படகும் மிளகாய் பஜ்ஜியும் போதும் என்று நினைத்திருந்தேன். போன வாரம் 9 வயது மகனையும் 6 வயது மகளையும் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனதில் அந்த எண்ணம் மாறிவிட்டது.

சேலம் அம்மாப்பேட்டையில் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மகள் பதினாறாவதில் வாந்தி எடுத்தாள். அதற்கு மலை என்ன செய்யும், கிளம்பும்போது பாதாம் பால் வாங்கிக் கொடுத்தது நான்தான். ஏரியைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் மேலே ஏறினால் உச்சி, 5,326 அடி. உச்சி என்றால் கூராக இருக்கும் என்று எதிர்பார்த்த மகனுக்கு ஏமாற்றம். செம்மண் மைதானம் மாதிரி பரந்து கிடக்கிறது. காற்றுதான் ஆளைத் தள்ளுகிறது.

பெரிய கோபுரத்தைத் தேடாதீர்கள், சாமி குகைக்குள் இருக்கிறார். இந்த மலைத்தொடருக்கே பெயர் கொடுத்தவர். உள்ளே போகப் பெரியவர்கள் இடுப்பை மடக்கியே ஆகவேண்டும். பிள்ளைகளோ நிமிர்ந்தே நடக்கிறார்கள்! வீட்டில் எல்லாவற்றுக்கும் அண்ணாந்து பார்க்கிற மகள், இங்கே என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்பா, தலை, தலை!” என்று வழிநடத்தினாள். அப்படியும் நெற்றியில் ஒரு இடி. பாறை ஈரமாக இருந்தது. வெறுங்காலில் தரை சில்லென்று ஏறியது. தயவுசெய்து செல்போன் டார்ச் அடிக்காதீர்கள். கண் பழகினால் விளக்கு வெளிச்சத்திலேயே சேர்வராயனும் காவிரி அம்மனும் தெரிகிறார்கள். எங்களுக்கு முன்னால் போனவர் டார்ச் அடித்ததில் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நிமிஷம் வீணாகிவிட்டது.

“இந்தக் குகை காவிரி பொறக்கற எடம் வரைக்கும் போகுதாம்” என்று மாமியார் மெதுவாகச் சொன்னார். மகன் உடனே, “அப்போ இப்படியே மேட்டூர் டேமுக்குப் போயிடலாமா அம்மாயி?” என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு குகை முழுக்கக் கேட்டது.

மூட்டுவலிக்காரரான மாமியார் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிட்டார். ஆனால் இருட்டுக்கு அழும் பிள்ளை என்றால் வற்புறுத்தாதீர்கள், வெளியே ஓடியாட நிறைய இடம் இருக்கிறது. மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமத்து மக்கள் திரளாக வருவார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் சின்னப் பிள்ளைகளோடு குகைக்குள் நுழைய அது நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். நாங்கள் போனது வார நாள், அப்படியும் பத்து மணிக்கெல்லாம் வரிசை நீண்டுவிட்டது. அப்புறம், பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். எங்களுடையது குரங்குக்குப் போனது.

வெளியே வந்ததும் மகன் இன்னொரு தடவை போகவேண்டும் என்று அடம்பிடித்தான். சரி என்று மறுபடி வரிசையில் நின்றோம். இந்தத் தடவை அவன் அடிகளை எண்ணிக்கொண்டே போனான். நான் அதே இடத்தில் மறுபடியும் இடித்துக்கொண்டேன்.