ஸ்பீச் தெரபி: இரண்டு வருடம் போய் வந்ததில் தெரிந்துகொண்டது

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்கு இப்போது நாலரை வயது. இரண்டு வயதில் அவனிடம் இருந்தது மூன்றே வார்த்தை: அம்மா, தாத்தா, அப்புறம் ஒரு "பா". பால், பாட்டி, பஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பாதான். இந்த வயதில் சுமார் 50 வார்த்தை வேண்டும், "அம்மா வா" என்று இரண்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று குழந்தை டாக்டர் சொன்னபோது வயிற்றைக் கலக்கியது. அத்தையோ, "இவங்கப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிக்கொண்டிருந்தார். அதை நம்பி ஆறு மாதம் ஓட்டினேன். என் தவறுதான்.

தெரபிக்குப் போனவுடன் பேச வைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். முதலில் காது டெஸ்ட். ஓஏஇ என்பது காதில் சின்ன ரப்பர் முனை வைத்து எடுப்பது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். பெரா என்கிற இன்னொரு காது டெஸ்ட் அப்படியில்லை. தலையில் ஒயர் ஒட்டுவார்கள், குழந்தை தூங்க வேண்டும். முந்தின இரவு லேட்டாகத் தூங்க வைத்து விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப்போனோம். ஆட்டோவில் ஏறியதும் தூங்கியவன், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் முழித்துக்கொண்டு சிரித்தான். இன்னொரு நாள் போய்த்தான் முடித்தோம். காது நன்றாகவே கேட்கிறது என்று வந்தது.

முதலில் சேர்த்த இடத்தில் "மூணே மாசத்துல பேச வெச்சிடுவோம்" என்றார்கள். எங்களை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். முக்கால் மணி நேரமும் உள்ளே இவன் அழுகைதான் கேட்கும். என்ன செய்தார்கள், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டோம். தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்க வேண்டும் என்பதே எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அந்த இடம் வேண்டாம்.

அடுத்து பெரம்பூர்ப் பக்கம் கிடைத்த மேடம் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம், ஒரு முறைக்கு 600 ரூபாய். முதல் மாதம் முழுக்க விளையாட்டுதான். இதற்கா இவ்வளவு காசு என்று எனக்கே எரிச்சல். சோப்புக் குமிழி ஊதிக் காட்டிவிட்டு, டப்பாவை இறுக்க மூடி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவன் திருகிப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், அவரைப் பார்ப்பான். நான் "தொறன்னு சொல்லுடா" என்று வாயெடுத்தால், "நீங்க பேசாதீங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க" என்பார். பல வாரம் கழித்து ஒரு நாள் டப்பாவை அவரிடம் நீட்டி "தொ" என்றான். மேடம் உடனே "தொற!" என்று திறந்து ஊதினார். அன்றைக்குத்தான் புரிந்தது, பயிற்சி அவனுக்கு மட்டுமில்லை, எனக்கும்தான் என்று. அங்கே கிடைப்பது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் அவன் நம்மோடுதானே இருக்கிறான்.

"இது என்ன, சொல்லு சொல்லு" என்று பரீட்சை வைப்பதை நிறுத்தச் சொன்னார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கூட்ஸ் வண்டி வந்தால் அவ்வளவுதான். லேட்டாகிறதே என்று புலம்பிய இடத்தையே வகுப்பாக்கிக்கொண்டோம். அவன் "வண்டி" என்றால் நான் "பெரிய வண்டி". அவன் "போ" என்றால் நான் "வண்டி போகுது". அவன் சொன்னதோடு ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வது, அவ்வளவுதான் வித்தை.

சாப்பாட்டு நேரத்து போனை நிறுத்தியதுதான் பெரும் பாடு. ஒரு வாரம் வீடே ரணகளம். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப் போகிறோமே, இங்கிலீஷிலேயே பேசலாமா என்றும் கேட்டேன். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது, உங்களுக்கு எது சரளமோ அதிலேயே பேசுங்கள் என்றார்.

முன்னேற்றம் சொல்லிவைத்த மாதிரி வராது. முதலில் நாம் சொல்வது புரிய ஆரம்பித்தது, விரல் நீட்டிக் கேட்டான், முரட்டு அழுகை குறைந்தது. வார்த்தை அப்புறம்தான் வந்தது. நடுவில் காய்ச்சல் வந்து மூன்று வாரம் போகவில்லை, வந்ததிலும் பாதி காணாமல் போய்த் திரும்ப வந்தது. செலவு முடியாதவர்கள் அங்கன்வாடியில் கேட்டுப் பாருங்கள். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வரும் மருத்துவக் குழு, பேச்சுத் தாமதத்தையும் பார்த்து இலவச மையத்துக்கு அனுப்பும். இது முன்பே தெரிந்திருந்தால் முதல் இடத்தில் காசைக் கொட்டியிருக்க மாட்டோம்.

இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் போகிறோம். எல்கேஜி மிஸ்ஸிடம் வாய் ஓயாமல் கதை சொல்கிறானாம். "ர" மட்டும் இன்னும் வரவில்லை. அது மெதுவாக வரும் எழுத்து, இப்போதைக்கு விடுங்கள் என்கிறார் மேடம். அதுவரை கொருக்குப்பேட்டை கேட்டில் எங்களுக்கு லயில்தான் ஓடும்.