2பி பென்சிலும் கடைசித் தாளும்

புத்தகம் படிக்கும்போது குறிப்பெடுக்க ஹைலைட்டர், ஒட்டுத்தாள், தனி நோட்டு என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் பல வருடங்களாக ஒரே முறையில் நிற்கிறேன். ஒரு 2பி பென்சில், புத்தகத்தின் கடைசியில் காலியாக இருக்கும் தாள், அவ்வளவுதான்.

குறிகள் மூன்றே. பிடித்த பத்தி என்றால் ஓரத்தில் நெடுக்காக ஒரு கோடு, சந்தேகம் என்றால் கேள்விக்குறி, பின்னால் தேவைப்படும் என்று தோன்றினால் நட்சத்திரம். வரிக்கு அடியில் கோடு போடுவதில்லை. ஆரம்பித்தால் கை நிற்காது. கேள்விக்குறியோ நட்சத்திரமோ விழுந்த உடனே கடைசித் தாளில் ஒரு சொல்லும் பக்க எண்ணும் ஏறிவிட வேண்டும். அப்புறம் எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டோம்.

இந்தக் கடைசித் தாள்தான் விஷயமே. உ.வே.சா. தம் பதிப்புகளின் பின்னால் அரும்பத அகராதி, அதாவது கடினச் சொற்களின் பட்டியல், சேர்த்துக் கொடுத்தார். இன்று தமிழில் வரும் வரலாற்று நூல்கள் பலவற்றில் எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பொருளடைவே இருப்பதில்லை. நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சோழர் கால ஊராட்சி பற்றிய ஒரு புத்தகத்தில் ‘குடவோலை, வயது’ என்று எழுதிய இடத்தில் இரண்டு பக்க எண்கள் சேர்ந்துவிட்டன. குடவோலை என்பது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த முறை. திருப்பிப் பார்த்தால், அதற்குத் தகுதியான வயது ஒன்றில் 30 முதல் 60, இன்னொன்றில் 35 முதல் 70. அச்சுப்பிழையோ என்று சந்தேகம். ஆனால் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. 919-இல் வகுத்த விதிகளை 921-இல் திருத்தினார்கள். வயது வரம்பும் அப்போது மாறியது. நூலாசிரியர் இரண்டையும் வெவ்வேறு அத்தியாயத்தில் சொன்னாரே தவிர, சேர்த்துச் சொல்லவில்லை. நேராகப் படித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கும் கண்ணில் பட்டிருக்காது.

ஏன் 2பி? எச்பி கொஞ்சம் கடினம், அழுத்தினால் மறுபக்கம் தடம் தெரியும். 2பி மெதுவாகவே பதியும், அழித்தாலும் சுலபமாகப் போய்விடும். நாளாக ஆக லேசாக ஈஷிக்கொள்ளும், ஆனால் படிக்க முடிகிறது. ஹைலைட்டர் மெல்லிய தாளில் பின்பக்கம் ஊறும், நிறமும் மங்கும். வழவழப்பான ஆர்ட் தாளில் மட்டும் பென்சில் சரியாக ஏறாது. நாவல்களுக்கு இந்த முறையால் பெரிய பயன் இல்லை; கதைமாந்தர் உறவுமுறை குழம்பும்போது கடைசித் தாளில் ஒரு வம்சாவளி போடுவதோடு சரி.

கிண்டிலில் குறித்ததெல்லாம் ஒரு கோப்பில் தானாகச் சேரும். வசதிதான். ஆனால் அது குறித்த வரிசையில் கிடக்குமே தவிர, பொருள்வாரியாக நிற்காது.

நூலகப் புத்தகத்திலும் இரவல் புத்தகத்திலும் பென்சில் வைப்பதில்லை. அரைத்தாளை மடித்து உள்ளே வைத்து, அதே அடைவை அதில் எழுதுகிறேன். மேலே நூல் பெயரோடு பதிப்பு ஆண்டையும் எழுதிவிடுங்கள். மறுபதிப்பில் பக்க எண் மாறினால் சீட்டு வீண்.