பெட்டியில் 2.8, தட்டில் 2.5: சின்ன பெற்றோல் ஜெனரேற்றர் ஒன்றின் உண்மை வலு

திருகோணமலையில் மாரிக் காலத்துக்கென்று ஜெனரேற்றர் தேடுபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது, பெட்டியில் பெரிய எழுத்தில் 2.8 கிலோவாட், பக்கத்தில் 6.5 குதிரைவலு என்று அச்சடித்த பெற்றோல் வகையைத்தான். நல்ல சாமான். ஆனால் அந்த இரண்டு எண்களையும் நம்பி வாங்கக்கூடாது.

2.8 என்பது கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும் உச்சம். தொடர்ந்து ஓட்ட, ஜெனரேற்றரில் பொருத்திய விபரத் தட்டில் இருக்கும் 2.5 தான், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 11 அம்பியர். 6.5 குதிரைவலு எஞ்சினுடைய கணக்கு. அதுவும் வழக்கமாக நிமிடத்துக்கு 3600 சுற்றில் சொல்வது. நம்முடைய 50 ஹேர்ட்ஸுக்கு இது 3000 சுற்றில்தான் ஓடும். தட்டில் 60 ஹேர்ட்ஸ் வரிசையும் இருந்தால் அதில் எண் கூடுதலாகத் தெரியும். அது நமக்குரியதல்ல.

அதிகம் பிழைப்பது கிணற்று மோட்டரில். 1 குதிரைவலு 746 வாட், ஆகவே 2.5 கிலோவாட்டில் மூன்று மோட்டர் ஓடும் என்று கணக்குப் போடுகிறார்கள். மோட்டர் தட்டில் இருப்பது அச்சில் கிடைக்கும் வலு. அதைக் கொடுக்க ஒற்றைக்கட்ட மோட்டர் 1100 வாட் அளவு இழுக்கும், 6 அம்பியர் போகும். ஸ்ராட் ஆகும்போது அதன் ஐந்தாறு மடங்கு கேட்கும். ஜெனரேற்றரால் அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட் விழும். வோல்ட் 70 வீதத்துக்கு இறங்கினால் மோட்டரின் முறுக்குவிசை பாதியாகிவிடும், ஏனென்றால் அது வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைவது. மோட்டர் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும். உடனே நிறுத்தாவிட்டால் சுருள் கருகும். நிலாவெளிப் பக்கத்து ஆழமில்லாக் கிணறுகளில் பூட்டும் அரைக் குதிரைவலு மோட்டருக்கு இந்த ஜெனரேற்றர் தாராளம். 1 குதிரைவலுவுக்கு விளிம்பில்தான் நிற்கும்: வேறெதையும் போடாமல் மோட்டரை முதலில் ஸ்ராட் செய்து, ஓட்டம் நிலைத்த பிறகு பிரிட்ஜ், அதன்பின் ஃபேன், லைற். உப்புவெளி விடுதிகளில் ஏசி போட நினைப்பவர்கள் 5 கிலோவாட்டுக்குக் குறையாமல் பார்க்கட்டும்.

கிலோவாட் போடாமல் '3 கேவிஏ' என்று மட்டும் தட்டில் இருந்தால் வலுக்காரணி (கேவிஏ எண்ணில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்பது) எவ்வளவென்று கேளுங்கள். 1 என்றால் 3 கிலோவாட், 0.8 என்றால் 2.4 தான்.

வாங்குமுன் கடையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். சுமையில்லாமல் 52 ஹேர்ட்ஸ் அளவில் நின்று, 2000 வாட் கேத்தல் போட்டதும் 50க்கு அருகில் இறங்கினால், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரி. வோல்ட் 220க்குக் கீழே போனால், வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் ஏவிஆரைச் சந்தேகியுங்கள். எண்ணெயை முதல் 20 மணித்தியாலத்தில் மாற்றவேண்டும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று பிளக் பொயின்ற்களில் பச்சை பூக்க வைக்கும்; மாதமொருமுறை துடைத்து, பத்து நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். வெளியில் வைத்து மட்டும்தான், விறாந்தையிலும் வேண்டாம்: புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு இருக்கிறது. வீட்டு வயரிங்கில் கொடுப்பதென்றால் வெளி இணைப்பைத் துண்டித்து ஜெனரேற்றருக்கு மாற்றும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் கொடுக்கவே கூடாது. இல்லாவிட்டால் மின்சாரம் வெளிக் கம்பிக்குத் திரும்பிப் போகும்; அதில் வேலை செய்பவரின் உயிர் அந்தச் சுவிட்சில் இருக்கிறது.