எல்லோருக்கும் இலவசமா, இல்லாதவர்களுக்கு மட்டும் சலுகையா?

மருத்துவமும் உயர்கல்வியும் விளையாட்டும் வசதியில்லாதவர்களுக்கும் கிடைக்க இரண்டு வழிகள்: எல்லோருக்கும் கட்டணத்தையே எடுத்துவிடலாம், அல்லது வருமானம் பார்த்துச் சலுகை தரலாம். இரண்டாவதில் செலவு குறைவு, சரி. ஆனால் வருமானச் சான்றிதழ், விண்ணப்பம், கடைசித் தேதி என்று அலைய வேண்டும். வரம்பைக் கொஞ்சம் தாண்டிய குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. நெஞ்சுவலியோடு வந்தவரிடம் சான்றிதழ் கேட்பது கொடுமை. மருத்துவத்துக்கு முதல் வழிதான். பிரிட்டன் 1948இலேயே அதைத் தொடங்கியது.

உயர்கல்விக்கு இரண்டும் வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் குடும்ப வருமானம் பார்த்து உதவுகிறார்கள்.

விளையாட்டில் பயிற்சிக் கட்டணம் போனாலும் ஷூவும் போட்டிக்குப் போகும் பயணச் செலவும் பிள்ளைகளை நிறுத்திவிடும். அவற்றை அணியில் எல்லோருக்கும் கொடுங்கள். வசதியில்லாத பிள்ளையை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தால், அடுத்த வாரம் அது மைதானத்துக்கே வராது.