பர்மியமா, ரெட்டிக்கா, அனகோண்டாவா? தீர்மானிப்பது நீளமல்ல, இரை

பெரும்பாம்பு வளர்க்க முனைபவர் முன் பெரும்பாலும் மூன்று இனங்களே வந்து நிற்கின்றன: பர்மிய மலைப்பாம்பு, வளர்ப்போர் ‘ரெட்டிக்’ என்று சுருக்கி அழைக்கும் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு, பச்சை அனகோண்டா. நான் தேர்ந்தெடுத்து வளர்த்து வருவது பர்மியம், அதிலும் ஆண். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மூன்றுக்கும் நஞ்சில்லை, மூன்றும் இரையைச் சுற்றி நெரிப்பவை, நன்றாகப் பேணினால் மூன்றும் 20 ஆண்டுகளைத் தாண்டி வாழக்கூடியவை. சட்டமும் மூன்றையும் எளிதில் விட்டுவிடுவதில்லை. அமெரிக்கா 2012-ல் பர்மியத்தையும் 2015-ல் மற்ற இரண்டையும் தீங்கு விளைக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. வேறு பல நாடுகளில் உரிமமில்லாமல் இவற்றைத் தொடவே முடியாது. இவற்றை விட்டுவிட்டு, வேறுபாடு உண்மையாகவே தெரியும் இடங்களுக்கு வருகிறேன்.

பருமனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சாதனை அளவுகளையே எடுத்துக்காட்டுகிறார்கள். கான்சஸ் நகரில் வளர்க்கப்பட்ட ‘மெடூசா’ என்னும் ரெட்டிக் 2011-ல் 7.67 மீட்டர் நீளமும் 158.8 கிலோ எடையும் இருந்தது. இல்லினாய் மாநிலத்தில் வளர்க்கப்பட்ட ‘பேபி’ என்னும் பர்மியப் பெண் பாம்பின் நீளம் 5.74 மீட்டர்தான் என்றாலும் எடை ஏறக்குறைய 183 கிலோ. இதோடு 2023-ல் ஃபுளோரிடாவின் பிக் சைப்ரஸ் பகுதியில் பிடிபட்ட 5.79 மீட்டர் பர்மியத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்: அதன் எடை சுமார் 57 கிலோ. ஒரே இனம், ஏறத்தாழ ஒரே நீளம், எடையில் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. காட்டில் இரையைத் தேடித் திரிந்த பாம்புக்கும், கூண்டில் இரை தன்னைத் தேடி வரப்பெற்ற பாம்புக்கும் உள்ள இடைவெளியே இது. எந்த இனம் எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்விக்கு, யார் எவ்வளவு ஊட்டுகிறார் என்பதும் பதிலின் ஒரு பாதி.

மற்றொரு பாதி, பாலினம். மூன்று இனங்களிலும் பெண்ணே பெரியது. அனகோண்டாவில் இந்த வேறுபாடு மிக மிகுதி. பெண் 4, 5 மீட்டர் வளரும்போது ஆண் 3 மீட்டரைத் தாண்டுவது அரிது. பர்மிய ஆண் பெரும்பாலும் 3 மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகிறது. பெண்ணை வாங்கிவிட்டுப் பிறகு இடம் போதவில்லை என்று வருந்துபவர்களைக் காட்டிலும், ஆணை வாங்கிவிட்டுப் பெரிதாகவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் குறைவு. நீளத்துக்கு நீளம் பார்த்தால் ரெட்டிக் மெலிந்தது, ஆகவே தூக்குவதற்கு எளிது என்பதையும் அதன் பக்கம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கையாளுவதில் பொது விதி எல்லோரும் அறிந்ததே: ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் ஓர் ஆள், 3 மீட்டரை நெருங்கிய பாம்பைத் தனியாளாக வெளியே எடுக்கவே கூடாது. சுற்றிக்கொண்டால் தலைப்பக்கம் இழுத்துப் போராடாமல், வலு குறைந்த வால் நுனியிலிருந்து பிரிக்க வேண்டும். நெரிபட்ட இரை மூச்சுத்திணறித்தான் சாகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. போவா பாம்புகளைக் கொண்டு செய்து 2015-ல் வெளியான ஆய்வு, நெரித்த சில நொடிகளிலேயே இரையின் இரத்த ஓட்டம் குலைந்துவிடுவதைக் காட்டியது. எலியிடம் கண்டதை மனிதர் மீது அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் இரண்டாவது ஆள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதாது என்பதற்கு அந்த ஆய்வு எனக்குப் போதுமான காரணம்.

இனி, என்னைப் பொறுத்தவரை தீர்ப்பை எழுதிய இரையூட்டல். மலைப்பாம்புகளின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. இரை வாசனை பரவிய அறையில், கூண்டின் கதவு திறந்ததும் உள்ளே நீளும் வெதுவெதுப்பான எதையும் இரை என்றே அது எடுத்துக்கொள்ளலாம்; வளர்ப்போர் வாங்கும் கடிகளில் பல சினத்தால் விழுந்தவை அல்ல, இந்தக் குழப்பத்தால் விழுந்தவை. அதனால்தான் இரை இல்லாத நாட்களில் கதவைத் திறந்ததும் கொக்கியால் உடலை மெல்லத் தொட்டு, இன்று இரை இல்லை என்று உணர்த்தும் பழக்கம் கடைப்பிடிக்கப்படுகிறது. பர்மியம் இந்தப் பழக்கத்துக்கு விரைவில் அடங்குகிறது: கொக்கி பட்டதும் கழுத்தைத் தளர்த்தி, நாக்கை நீட்டி நிதானமாக முகரத் தொடங்கிவிடும். ரெட்டிக்கும் கற்றுக்கொள்ளும், இன்னும் கூர்மையாகவே கற்றுக்கொள்ளும் என்று அதை வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். நான் பார்த்தவையும் அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் பாய்ச்சல் வேகமானது, எட்டும் தூரமும் அதிகம். கதவு திறந்த முதல் இரண்டு நொடிகளில் வளர்ப்பவரின் கவனம் சற்றுப் பிசகினாலும் போதும்.

பர்மியத்தின் குறை வேறு வகையானது: அது வேண்டாம் என்று சொல்வது அரிது. வாரந்தோறும் முயல் கொடுத்தாலும் விழுங்கும், பிறகு கொழுத்து ஈரல் கெட்டுச் சாகும். இந்த உடலின் இயல்பே நீண்ட பட்டினிக்கும் திடீர் விருந்துக்கும் ஏற்றது. பெரிய இரையை விழுங்கியபின் அதன் வளர்சிதை மாற்றம் பல மடங்கு உயர்கிறது; குடல் பெருக்கிறது; இதயத்தின் கீழறைத் தசை இரண்டு நாட்களுக்குள் 40 சதவீதம் வரை கூடுவதை 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. செரித்து முடித்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்குகின்றன. அந்தச் சுருக்கத்துக்கு இடமே கொடுக்காமல் ஊட்டுவதுதான் ‘பேபி’ போன்ற எடைகளுக்கு வழி. வளர்ந்த பாம்புக்கு, உடலின் பருத்த பகுதியை ஒத்த அகலமுள்ள இரையை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். இரை உறைய வைத்ததாக இருக்க வேண்டும், முழுதும் உருக்கி வெதுவெதுப்பாக்கி நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். உயிருள்ள எலியோ முயலோ பாம்பைத் திருப்பிக் கடித்துக் காயப்படுத்தும். ஊட்டியபின் குறைந்தது இரண்டு நாட்களுக்கு, பெரிய இரையானால் வயிற்றுப் புடைப்பு தணியும்வரை, தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும். கூண்டின் சூடான மூலையில் 31, 32 டிகிரி செல்சியஸ் இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

ஆகப் பர்மியத்தின் ஆபத்து நாட்காட்டியில் இருக்கிறது, அதை நான் எழுதிவைத்துக் கட்டுப்படுத்த முடிகிறது. ரெட்டிக்கின் ஆபத்து கதவருகில் இருக்கிறது. என் தேர்வுக்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவுமில்லை.

அனகோண்டாவை நான் வளர்த்ததில்லை. பிறருடைய பாம்புகளை இடம் மாற்றத் துணை நின்ற அளவே அனுபவம், ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன். உடல் முழுதும் அமிழும் அளவுக்கு வெதுவெதுப்பான நீர்த்தொட்டி வேண்டும். அது கழிப்பதும் பெரும்பாலும் அந்த நீரிலேயே. அந்த நீரை வடிகட்டுவதும் மாற்றுவதும் சூடாக்குவதும் சேர்ந்து, இரையூட்டும் வேலையைச் சிறியதாக்கிவிடுகின்றன. நான் தொட்டவை பர்மியத்தைப் போல் கையில் தளர்ந்து கிடக்கவில்லை. நாற்றமுள்ள கழிவைப் பீய்ச்சித் திமிறின. குட்டியிலிருந்தே பழக்கியவை அமைதியாக இருக்கலாம்.

ரெட்டிக்கின் அழகை விட முடியாதவர்கள், கலாவோதோவா போன்ற இந்தோனேசியச் சிறு தீவுகளின் குள்ள வகைகளைக் கருதலாம். விற்பனைக்கு வருபவற்றில் பல, பெரிய வகையோடு கலந்தவை. கலப்பில் பிறந்த குட்டி எந்தப் பக்கம் சாயும் என்று விற்பவராலும் உறுதி கூற முடியாது. குள்ள வகையின் கலப்பு இத்தனை என்று விளம்பரத்தில் இருக்கும் சதவீதத்தை நம்புவதைவிட, தாய், தந்தை இரண்டின் நீளத்தையும் எடையையும் நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.